மூன்றாம் படம் யாருடையது?

கேள்வி: பல்கலைக்கழக உயிர்மருத்துவ ஆய்வகம் ஒன்றில் இரண்டரை ஆண்டுகளாக ரிசர்ச் அனலிஸ்டாக இருக்கிறேன். ரத்த சாம்பிள்களிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற மரபு மூலக்கூறைப் பிரிப்பது, அதை அளக்கப் பிசிஆர் சோதனை ஓட்டுவது, வரும் எண்களைச் சரிபார்த்து அலசிப் படம் போட்டுக் கொடுப்பது எல்லாம் என் வேலை. இப்போது ஒரு ஆய்வுக் கட்டுரை தயாராகிறது. இரண்டாம், மூன்றாம் படங்கள் நான் செய்தவை. மூன்றாம் படத்துக்காக நோயாளிகளின் சாம்பிள்கள் எல்லாம் ஒரு நாளும், நலமாக இருப்பவர்களின் சாம்பிள்கள் எல்லாம் வேறொரு நாளும் ஓட்டப்பட்டிருந்ததைக் கவனித்துச் சொன்னேன். இரண்டு கூட்டமும் ஒரே நாளில் வரும்படி வரிசையைக் கலந்து மறுபடி ஓட்டினோம். ஆனால் வரைவில் என் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் வரியில் மட்டும் இருக்கிறது. 'இதற்குத்தானே உங்களுக்குச் சம்பளம்' என்கிறார் பிஎச்டி முடித்து இங்கே ஆய்வு செய்யும் ஒரு போஸ்ட்டாக். நான் கேட்பது தவறா? பிஎச்டி இல்லாததால்தான் இப்படியா? பேசாமல் அதில் சேர்ந்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

கேட்பது தவறில்லை. கேளுங்கள், அதுவும் இந்த வாரமே கேளுங்கள். கட்டுரை இதழுக்குப் போய்விட்டால் ஒரு பெயரைச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஏன் சேர்க்கிறீர்கள் என்று இதழ் விளக்கம் கேட்கும்; ஏற்கெனவே இருக்கும் எல்லா ஆசிரியர்களின் சம்மதமும் வேண்டும் என்று சொல்லும். வரைவாக இருக்கும்போது ஒரு வரி தட்டினால் முடிகிற வேலை இது.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நடுவில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: நோயாளிகள் ஒரு நாள், நலமானவர்கள் இன்னொரு நாள். எனக்கு அங்கேயே மனசு நின்றுவிட்டது. ரசாயனத்தின் பேட்ச் மாறும், மெஷின் அன்றைக்கு ஒரு மாதிரி இருக்கும், ஆர்.என்.ஏ. பிரித்தவரின் கை வேறாக இருக்கும். இப்படி நாளுக்கு நாள் எண்கள் கொஞ்சம் அசையத்தான் செய்யும். இரண்டு கூட்டத்தையும் தனித்தனி நாளில் ஓட்டினால், தெரிகிற வித்தியாசம் நோயால் வந்ததா, நாளால் வந்ததா என்று பிற்பாடு எந்தப் புள்ளியியலாலும் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்த மூன்றாம் படம் நோயைப் பற்றியதுதானா என்றே யாருக்கும் தெரிந்திருக்காது. உங்கள் கோரிக்கையின் முதல் வரி இதுதான். பைப்பெட் பிடித்த மணிக்கணக்கை அதற்குப் பின்னால் வையுங்கள்.

இப்படிப்பட்ட சின்னப் பிசகு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். எந்தப் புற்றுநோய்க்கு எந்த மருந்து கேட்கும் என்று மரபணுக்களைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என 2006 முதல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து கட்டுரைகள் வந்தன. ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கீத் பாகர்லி, கெவின் கூம்ப்ஸ் இருவரும் அந்தத் தரவை எடுத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளிப் போயிருந்தது. சில இடங்களில் மருந்து கேட்கும், கேட்காது என்ற முத்திரையே இடம் மாறியிருந்தது. 2009ல் இதை வெளியிட்டார்கள். அதற்குள் அந்த முறையை நம்பி நோயாளிகளிடமே சோதனைகள் தொடங்கியிருந்தன. பிறகு அவை நிறுத்தப்பட்டன, கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அங்கே இருந்த பிரச்சினை வரி தள்ளிப்போனதோடு முடியவில்லை என்பது பின்னால் தெரியவந்த தனிக் கதை. நான் சொல்ல வருவது, எண்களை உட்கார்ந்து சரிபார்க்கிற ஒருவரின் கண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதைத்தான். உங்கள் ஆய்வகத்தில் அந்தக் கண் உங்களுடையது.

விதி என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, ஐசிஎம்ஜேஇ, கட்டுரையாசிரியர் ஆக நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவைச் சேகரிப்பதிலோ, அலசுவதிலோ, விளக்குவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியோ, கருத்தளவில் திருத்தியோ இருக்க வேண்டும். கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். கேள்வி வந்தால் பொறுப்பேற்க வேண்டும். முதலாவது உங்களிடம் தாராளமாக இருக்கிறது. 'கட்டுரையை அவர் எழுதவில்லையே' என்று இரண்டாவதைக் காட்டி மடக்கப் பார்ப்பார்கள். அதற்கும் அதே விதியில் பதில் உண்டு: முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு வரைவைப் படித்துத் திருத்தும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும், வாய்ப்பே கொடுக்காமல் அதைச் சொல்லி ஒதுக்கக் கூடாது. சம்பளம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பேராசிரியரும் சம்பளம் வாங்குகிறார், அந்தப் போஸ்ட்டாக்கும் வாங்குகிறார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். யாரோ எழுதி வைத்த செய்முறைப்படி சாம்பிளை ஓட்டி எண்ணை மட்டும் கொடுத்திருந்தால், நன்றி வரி போதும் என்று பல ஆய்வகங்களில் சொல்வார்கள். அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. இரண்டாம் படத்தை மட்டும் வைத்து நீங்கள் கேட்டிருந்தால் நானே கொஞ்சம் யோசித்திருப்பேன். மூன்றாம் படம் அப்படி இல்லை.

போகும்போது கையில் ஒரே ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியில் அந்தப் பிசகைச் சொன்னீர்கள், லேப் நோட்டில் எந்தப் பக்கம், மறுபடி ஓட்டிய பிளேட்டில் எந்தக் குழியில் எந்த சாம்பிள் என்ற வரைபடம் எங்கே, அலசிய கணினி ஸ்கிரிப்டின் பெயர் என்ன, எந்தப் படம். அவ்வளவுதான். நோட்டை நான் இவ்வளவு நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஆய்வகத்தில் வேலை பார்த்த மூன்றாம் வருஷம், புரத அளவைக் காட்டும் எலைசா சோதனைக்கான ஒரு 96 குழி பிளேட்டின் எண்கள் தாறுமாறாக வந்தன. எதுவுமே ஊற்றாத, கடைசி மூலையிலிருக்கும் எச்12 குழி உச்ச அளவைக் காட்டியது. ரசாயனம் கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் திரும்பச் செய் என்று உத்தரவு வந்துவிட்டது. பிளேட்டும் குப்பைக்குப் போய்விட்டது. ராத்திரி நோட்டைத் திறந்தேன். பென்சிலால் நான் போட்டு வைத்திருந்த கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு எண்ணும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. பிளேட்டை மெஷினில் திருப்பி வைத்துவிட்டேன். முதல் குழியான ஏ1 இருக்க வேண்டிய மூலையில் எச்12. அந்தப் பென்சில் கட்டம் இல்லையென்றால் இரண்டு வார உழைப்பும், திரும்பக் கிடைக்காத சாம்பிளும் வீணாகியிருக்கும். மறுநாள் அந்தப் பக்கத்தை மேஜையில் வைத்தபோது நான் குரலை உயர்த்த வேண்டிய தேவையே வரவில்லை.

பேராசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். வாராந்தரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எடுக்காதீர்கள்; அந்தப் போஸ்ட்டாக்கைப் பற்றியும் பேச்செடுக்காதீர்கள். 'மூன்றாம் படத்துக்கான சோதனையின் வடிவமைப்பை மாற்றியதிலும் அலசலிலும் என் பங்கு இது. கட்டுரையாசிரியராகச் சேர்வதற்கு இது போதும் என்று நினைக்கிறேன். வரைவைப் படித்துத் திருத்தங்கள் தர ஆசைப்படுகிறேன். உங்கள் கருத்து என்ன?' என்று கேட்டுவிட்டு அவர் பேசும்வரை காத்திருங்கள். எத்தனையாவது பெயர் என்ற பேச்சை அன்றைக்கு எடுக்க வேண்டாம். நிறைய பேராசிரியர்கள் கெட்ட எண்ணத்தால் விடுவதில்லை. யார் என்ன செய்தார்கள் என்பது இரண்டு வருஷத்தில் மறந்துபோயிருக்கும். மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள். பேசியதை அன்று மாலையே சுருக்கமாக மெயிலில் எழுதி அனுப்புங்கள். அதற்கு மேலே போக, ஆய்வு நெறிகளைக் கவனிக்கிற அலுவலகம் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அங்கே போக வேண்டிய நிலை வரக் கூடாது என்று மனதார நினைக்கிறேன்.

அடுத்த கட்டுரைக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். முதல் சாம்பிளை எடுக்கும் முன்பே, 'இதில் என் பங்கு எப்படிக் குறிக்கப்படும்?' என்று கேட்டுவிடுங்கள். யார் தரவைப் பராமரித்தார், யார் அலசினார், யார் படம் போட்டார் என்று 14 வகையாகப் பிரித்துக் காட்டும் 'கிரெடிட்' என்ற முறையைப் பல இதழ்கள் இப்போது கேட்கின்றன. அந்தப் பட்டியலையே பேச்சுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பிஎச்டி. இந்தக் காயத்துக்கு மருந்தாக அதை எடுக்காதீர்கள். பெயருக்காகப் போராடுகிற பிஎச்டி மாணவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கென்று ஒரு கேள்வி இருந்து, அது விடாமல் துரத்தினால் போங்கள். பிசகைக் கண்டுபிடித்த விதத்தைப் பார்த்தால் உங்களால் முடியும் என்றுதான் தோன்றுகிறது. இல்லையென்றால் இந்த வேலையிலேயே இருந்து வளரலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை. மாணவர்கள் படிப்பு முடிந்து போவார்கள், போஸ்ட்டாக்குகள் வேலை கிடைத்துப் போவார்கள். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் எந்த அடுக்கில் எந்த டப்பா, எது ஒரு தடவை உருகி உறைந்தது என்று தெரிந்தவராகக் கடைசியில் அனலிஸ்ட்தான் இருப்பார்.

ஆனால் இப்படிப்பட்ட வேலைகள் பெரும்பாலும் ஆய்வு நிதியோடு கட்டப்பட்டவை. நிதி முடிந்தால் வேலையும் முடியலாம். உங்கள் பதவிக்கான நிதி எந்த மாதம் முடிகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், பெயர் விஷயத்தைப் பேசி முடித்த கையோடு, அதே அறையில் அதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.