படத்தில் கிரைண்டர் எங்கே?

கேள்வி: மடிப்பாக்கத்தில் 1,050 சதுர அடி ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். மாமியாரோடு சேர்த்து ஐந்து பேர். இன்டீரியர் டிசைனர் 3டி படம் காட்டி, ‘ஜப்பாண்டிதான் இப்போது டிரெண்ட்’ என்கிறார். எல்லா அறைக்கும் ஃபால்ஸ் சீலிங், ஓப்பன் கிச்சன், டிவி சுவருக்குக் கோடு கோடாகப் பேனல், வீடு முழுக்க பீஜ் என்கிற வெளிர் மணல் நிறம். எஸ்டிமேட் 9 லட்சம். மாமியாரின் பிரம்பு நாற்காலிகள் இரண்டும் செட் ஆகாது, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்கிறார். உண்மையில் இன்றைய டிரெண்ட் என்ன? எங்களுக்கு எது சரி? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: அந்தப் படத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். கிரைண்டர் எங்கே இருக்கிறது? அரிசி டிரம்? மழை நாளில் துணி காயப்போடும் கொடி? மாமியாரின் மாத்திரை டப்பா? இருக்காது. ஒரு ஜாடியில் காய்ந்த புல் இருக்கும். (இந்தக் காய்ந்த புல் இல்லாத 3டி படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.) அது ஆள் குடியில்லாத வீட்டின் படம். நீங்கள் ஐந்து பேர் குடிபோகிறீர்கள்.

டிரெண்ட் என்ன என்று கேட்டதால் சொல்கிறேன். அமெரிக்காவில் பான்டோன் என்றொரு நிறுவனம் 2000-ஆம் ஆண்டு தொடங்கி வருஷத்துக்கு ஒரு நிறத்தை அறிவித்து வருகிறது. 2023-க்கு மெஜந்தா, 2024-க்கு பீச் பழ நிறம், 2025-க்குக் காபிப் பழுப்பு, 2026-க்கு வெள்ளை. உங்கள் வீட்டுக் கடன் எத்தனை வருஷம்?

ஜப்பாண்டி என்பது ஜப்பானையும் ஸ்காண்டிநேவியாவையும் ஒட்டவைத்த பெயர். ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதம் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்தான். கிடைக்கிற வெளிச்சத்தை வீட்டுக்குள் பரப்ப அவர்களுக்கு வெளுத்த சுவரும் வெளுத்த மரமும் தேவை. நமக்கு மே மாத வெயிலை வெளியே நிறுத்துவதுதான் பாடு. வெள்ளைச் சுவரும் அடித்து, கூசுகிறது என்று அதற்கு எதிரே கனத்த திரையும் வாங்கினால் இரண்டு செலவு. ஆனால் அந்த பாணியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: சாமான் குறைவு. உங்கள் டிசைனர் அதை மட்டும் விட்டுவிட்டார். சாமான் குறைந்தால் எஸ்டிமேட்டும் குறைந்துவிடுமே.

ஓப்பன் கிச்சனுக்கு வருவோம். கடுகும் மிளகாயும் தாளிக்கும் வீட்டில் சமையலறைக்குக் கதவு அவசியம். மீன் வறுக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம், மறுநாள் காலையில் சோபாவும் மணக்கும். சிம்னி இருக்கிறதே என்பார்கள். அதன் குழாய் சுவரைத் தாண்டி வெளியே போகிறதா என்று கேளுங்கள். உள் காற்றையே வடிகட்டி உள்ளேயே விடுகிற ரகமும் விற்கிறார்கள். திறந்த தோற்றம் வேண்டுமென்றால் கண்ணாடிபோட்ட தள்ளுகதவு வையுங்கள்.

இப்போது யாரும் படம் போட்டுக் காட்டாத விஷயம்: பலகை. உங்கள் 9 லட்சத்தில் பெரும்பங்கு மரவேலைக்குத்தான் போகும். எஸ்டிமேட்டில் ‘பிரீமியம் போர்டு’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு அலமாரிக்கும் நேராகப் பலகையின் வகை, தடிமன், ஐ.எஸ். எண் (இந்தியத் தர எண்) மூன்றும் வரவேண்டும். ஐ.எஸ். 710 என்றால் மரைன் பிளைவுட். கொதிநீருக்கும் விடாத பசை போட்டது. சிங்க்குக்குக் கீழேயும் பாத்ரூமை ஒட்டிய சுவரிலும் இதைத் தவிர வேறு வேண்டாம். ஐ.எஸ். 303 பொதுவான பிளைவுட், அதில் எம்.ஆர். ரகம் ஈரக்காற்றைச் சமாளிக்கும், தேங்கிய தண்ணீரைச் சமாளிக்காது. படுக்கையறை அலமாரிக்கு அது போதும். மரத்துகளைப் பசையில் அழுத்திய பார்ட்டிகிள் போர்டு எல்லாவற்றையும்விட மலிவு. மேலே பளபளவென்று லேமினேட் ஒட்டிவிட்டால் எது எதுவென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் சிங்க் குழாய் சொட்டி நாலு மாதத்தில் அலமாரிக் கதவு பூரி மாதிரி உப்பியது. படத்தில் அது ரொம்ப அழகாக இருந்தது. வெட்டிய பலகையின் ஓரத்தைப் பட்டி ஒட்டி மூடுவதற்கு முன்பே ஒரு நாள் பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

ஃபால்ஸ் சீலிங்கை ஹாலோடு நிறுத்துங்கள். பத்தடி உயரத்தில் முக்கால் அடியை அது விழுங்கும், அதற்கும் கீழே ஃபேன் தொங்கும். மொட்டைமாடிக்கு நேர் கீழ் வீடு என்றால் சூடு ஓரளவு குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஓரத்தில் விளக்கு மறைத்து வைக்கும் அந்தப் பள்ளத்தில் எங்கள் வீட்டில் ஒரு பல்லிக் குடும்பம் சௌக்கியமாக இருக்கிறது. கோடு போட்ட பேனலுக்கும் இதே கதைதான். மெயின் ரோட்டுப் புழுதிக்கு ஒவ்வொரு பள்ளமும் ஒரு வாய்க்கால். யார் துடைப்பது என்று முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

எனக்குச் சிரிப்பு வரும் இடம் வேறு. இப்போது ‘லைம் வாஷ்’ என்று ஒரு சுவர் டிரெண்ட் ஆகியிருக்கிறது, திட்டுத் திட்டாக மேகம் மாதிரி. பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பை ஊறவைத்து, நீலம் கலந்து நம் வீடுகளில் அடித்தது அதுதான். அப்போது திட்டு விழுந்தால் அடித்தவருக்குத் திட்டு விழும்; இப்போது அதற்கென்றே தனிக் கூலி. ‘டெரசோ’ என்று புள்ளி புள்ளியாக ஒரு தரை வந்திருக்கிறதே, வெனிஸ் நகரத்து வேலையாட்கள் வீணாய்ப்போன சலவைக்கல் சில்லுகளைப் பதித்துப் போட்ட தரை அது. நம் ஊரில் அதற்கு மொசைக் என்று பெயர். அந்த மொசைக்கை உடைத்துப் போட்டு விட்ரிஃபைடு டைல் பதித்தோம். இன்றைக்கு அதே புள்ளிகளை டைல் மேல் அச்சடித்து விற்கிறார்கள், வாங்குகிறோம்.

ஆத்தங்குடிக் கல்லும் இப்படித்தான். காரைக்குடிப் பக்கத்தில் கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றிச் செய்வது. சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்து இறுகவைக்கிறார்கள். நடக்க நடக்க மெருகேறும். ஆசையிருந்தால் பூஜை அறைக்கு அசலையே வாங்குங்கள், அச்சடித்தது வேண்டாம். ஒரே எச்சரிக்கை, ஆசிட் கலந்த கிளீனரை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியாக அந்தப் பிரம்பு நாற்காலிகள். டிசைனர் படத்தில் ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருப்பாரே, முதுகுப் பக்கம் கண் கண்ணாகப் பிரம்புப் பின்னல் போட்டு? எஸ்டிமேட்டில் அதற்கு என்ன விலை போட்டிருக்கிறார் என்று பாருங்கள். பார்த்துவிட்டு, மாமியாரின் நாற்காலிகளுக்குப் பின்னல் மட்டும் மாற்றக் கொடுங்கள். பார்வையற்றவர்கள் பலர் இந்த வேலையில் தேர்ந்தவர்கள், விரலாலேயே கண் எண்ணிப் பின்னுவார்கள். இரண்டில் ஒன்று ஜன்னல் ஓரத்துக்கு. எது என்று மாமியார் சொல்லட்டும்.