ஒரே தண்ணீர், மூன்று தொட்டி: எதை வாங்குவது?

கேள்வி: பெரம்பூரில் இரண்டாவது மாடி ஃபிளாட் எங்களுடையது. கடல் மீனும் பவளமும் வளர்க்க ஆசை. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விசாரித்ததில் மூன்று அளவு சொன்னார்கள்: 4 × 1½ × 1½, 3 × 1½ × 2, 3 × 2 × 1½ (நீளம், அகலம், உயரம், எல்லாம் அடியில்). கொள்ளளவு ஒன்றுதான், உயரமானதுதான் பார்க்க எடுப்பாக இருக்கும் என்கிறார் கடைக்காரர். ஒரு ஜோடி க்ளவுன் மீனும் ஒரு நீல டேங்க் மீனும் விட நினைக்கிறேன். எதை வாங்கலாம்?

பதில்: கடைக்காரர் சொன்ன கணக்கு சரி. மூன்றும் 9 கன அடி, சுமார் 255 லிட்டர். ஆனால் எடுப்பாக இருக்கிறது என்பதற்காக உயரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். என் ஓட்டு 3 × 2 × 1½ தொட்டிக்கு.

உயரம் கூடினால் செலவு பல வழியில் கூடும். ஒன்றரை அடி இரண்டடியானால் அடிப்பகுதியில் தண்ணீரின் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கண்ணாடி தடிமனாக வேண்டும். கீழே இருக்கும் பவளத்துக்கு வெளிச்சம் எட்ட லைட்டும் பவர் கூடியதாக வேண்டும். அப்புறம் உங்கள் கை! ஸ்டாண்ட் மேல் இரண்டடித் தொட்டி என்றால், சாய்ந்துவிட்ட ஒரு பவளத்தை நிமிர்த்தவே ஸ்டூல் போட்டு ஏறித் தோள்வரை நனைய வேண்டும்.

அகலத்தைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை. கண்ணாடி துடைக்கும் காந்தம் ஓடவும் தண்ணீர் சுற்றவும், பவளம் வைக்க அடுக்கும் பாறைக்கு முன்னும் பின்னும் நாலு நாலு அங்குலமாவது விட வேண்டும். ஒன்றரை அடி அகலத்தில் அது போக மிஞ்சுவது 10 அங்குலம். அதில் பாறையை நெட்டுக்குத்தாக அடுக்கத்தான் முடியும். இரண்டடி என்றால் 16 அங்குலம் கிடைக்கும். படிப்படியாக, நடுவில் குகை விட்டு அடுக்கலாம். மேல்பரப்பையும் பாருங்கள். உயரத் தொட்டியில் அது 4½ சதுர அடி, அகலத் தொட்டியில் 6. கரண்ட் போய் பம்ப் நின்றால் மீனுக்கு ஆக்சிஜன் வரும் வழி அந்த மேல்பரப்பு மட்டும்தான்.

நாலடித் தொட்டிக்கும் அதே 6 சதுர அடி உண்டு, நீந்தி ஓடும் மீனுக்கு நீளம் நல்லதுதான். ஆனால் நீல டேங்குக்காக என்றால் அதுவும் போதாது. கடையில் விரல் நீளம் இருப்பது ஒரு அடி வரை வளரும். ஆறடித் தொட்டி கேட்கும் மீன் அது. மறந்துவிடுங்கள். க்ளவுன் ஜோடிக்கு மூன்றடி தாராளம்.

தண்ணீர் மட்டுமே 260 கிலோ. கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட், சம்ப் (தண்ணீரை வடிகட்ட அடியில் வைக்கும் சிறு தொட்டி) எல்லாம் சேர்ந்தால் 400 கிலோவை எட்டும். அறை நடுவில் வேண்டாம். பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள்.

ஆர்டர் கொடுக்கும்போதே சம்ப் அளவையும் பேசிவிடுங்கள். கரண்ட் போனதும் மேலிருந்து ஒரு அங்குலத் தண்ணீர் கீழே இறங்கினால்கூட, இந்தத் தொட்டியில் அது 14 லிட்டர். அந்த அளவு காலியிடம் சம்ப்பில் இல்லையென்றால் கீழ்வீட்டுக்காரர் உங்கள் கதவைத் தட்டுவார். சென்னை வெயிலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் வேண்டும், அதன் சூடான காற்று வெளியேற இடமும் வேண்டும்.

பவளம் வாங்கும் முன் ஒரு விஷயம். பாறைத்திட்டு கட்டும் கடினப் பவளங்கள் எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கடல் விசிறிப் பவளத்துக்கும் கடல்குதிரைக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ‘இம்போர்ட் சார்’ என்று நீட்டினாலும் தொடாதீர்கள், சிறை வரை போகும் விவகாரம். கடலில் இருந்து எடுத்த பவளப் பாறையும் வேண்டாம், செயற்கைப் பாறை போதும். மென்பவளம் என்று கொடுத்தாலும் அது என்ன இனம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.