எம்.எல்.ஏ. மீது வேலையிடப் பாலியல் புகார்: பதவி எப்போது போகும், புகார் கொடுத்த பெண்ணுக்கு என்ன வழி?

சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். சில நிறுவனங்களின் உள்ளகப் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராகவும் இருக்கிறேன். வேலையிடப் பாலியல் தொல்லை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பக்கம் திரும்பின: தொல்லை கொடுப்பவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்தால் என்ன செய்வது? அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: என் தங்கை ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனுக்களைப் பதிவு செய்யும் வேலை பார்க்கிறாள். மொத்தமே நாலைந்து பேர்தான். தொல்லை கொடுப்பவர் அந்த எம்.எல்.ஏ.வேதான். அங்கே புகார்க் குழு எதுவும் இல்லை. யாரிடம் போவது?

மாவட்ட உள்ளூர்க் குழுவிடம். 2013-ல் வந்த போஷ் சட்டப்படி (வேலையிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம்), பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களுக்கும், முதலாளி மீதே புகார் சொல்லும் நேரத்துக்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். உங்கள் தங்கைக்கு இரண்டு காரணமும் பொருந்துகிறது. சென்னையில் இதற்கு விசாரிக்க வேண்டிய இடம் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அங்கே போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்தில் பதியலாம்.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கும். சட்ட வார்த்தைகளைத் தேடி அலைய வேண்டாம். எந்த நாள், எந்த இடம், என்ன சொன்னார், என்ன செய்தார், அப்போது அருகில் யார் இருந்தார்கள், அன்றைக்கே அவள் யாரிடமாவது சொன்னாளா, இவ்வளவுதான் வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அருவருப்பில் அழித்துவிட்டு வருகிறவர்களே அதிகம்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை மூன்று மாதம் வரை விடுப்பு கேட்கலாம். அது அவளுடைய சாதாரண விடுப்பில் கழியாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். புகார் வெளியே தெரிந்ததும் முதலில் போவது அவருடைய பதவி அல்ல, இவளுடைய வேலை. பெரும்பாலும் வேலையை விட்டு நிறுத்திய பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். நிறுத்துவதற்கு முன்பே புகார் பதிவாகியிருந்தால் குழுவிடம் இடைக்கால நிவாரணம் கேட்க முடியும்.

பெரம்பூர் வாசகர்: சம்பளம் வாங்காமல் கட்சிக்காக எம்.எல்.ஏ.வுடன் ஓடியாடும் பெண்களுக்கும் இந்தச் சட்டம் உண்டா?

சம்பளம் இல்லாதது தடையே இல்லை. தற்காலிகமாக, தினக்கூலியாக, பயிற்சிக்காக, தன்னார்வமாக வேலை செய்கிறவர்கள் எல்லோரையும் சட்டம் ஊழியர் என்றே கணக்கில் எடுக்கிறது. வேலை நிமித்தம் போன காரும் விடுதியும்கூட வேலையிடம்தான்.

சிக்கல் கட்சி என்ற அமைப்பில் இருக்கிறது. கட்சிக்கும் உறுப்பினருக்கும் முதலாளி - தொழிலாளி உறவு இல்லை, எனவே கட்சிகள் உள்ளகக் குழு அமைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. தேர்தல் நேரத்தில் இரவு பதினோரு மணி வரை பூத் வேலை செய்யும் பெண்ணுக்கு, அவளை அனுப்பியவரைப் பற்றிச் சொல்ல ஓர் இடம் வேண்டாமா? ஆனால் இன்றைய நிலை இதுதான். அலுவலகப் பணி செய்தார் என்று காட்ட முடிந்தால் உள்ளூர்க் குழுவிடம் வாதாட இடம் உண்டு. வெறும் கட்சிப் பணி என்றால் காவல் நிலையம்தான் வழி.

மயிலாப்பூர் வாசகி: புகார் உறுதியானால் பதவி போய்விடுமா?

போகாது. புகாருக்கும் போகாது, எஃப்.ஐ.ஆர். போட்டாலும் போகாது, கைதானாலும் போகாது, குழு 'குற்றம் நடந்தது' என்று அறிக்கை கொடுத்தாலும் போகாது. குழு இழப்பீடு பரிந்துரைக்கலாம், நடவடிக்கை கேட்கலாம். மக்கள் தேர்ந்தெடுத்த பதவியைப் பறிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

சட்டப்படி பதவி போவது நீதிமன்றம் தண்டிக்கும்போதுதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8-வது பிரிவின்படி, இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை விழுந்தால் தகுதி போய்விடும். விடுதலைக்குப் பிறகும் ஆறு ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. முன்பெல்லாம் மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடரலாம். 2013-ல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை ரத்து செய்தது. தீர்ப்பு வந்த நாளே பதவி காலி. ஜெயலலிதா 2014-ல் ஸ்ரீரங்கம் தொகுதியை இழந்தது அப்படித்தான். 2019 ஜனவரியில் அமைச்சராக இருந்த பாலகிருஷ்ண ரெட்டிக்கு 1998-ல் நடந்த கல்வீச்சு வழக்கில் சென்னை சிறப்பு நீதிமன்றம் மூன்று ஆண்டு கொடுத்தது. ஓசூர் தொகுதி காலியானது. இன்னொரு பக்கத்தையும் பாருங்கள்: பொன்முடி 2023 டிசம்பரில் சொத்துக்குவிப்பு வழக்கில் தகுதி இழந்தார், 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் திரும்பி வந்தார்.

இப்போது பாலியல் குற்றத்துக்கு வருவோம். பாலியல் வன்கொடுமையில் தண்டனை என்றால் எத்தனை ஆண்டு என்ற கணக்கே கிடையாது, தகுதி உடனே போகும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-வது பிரிவான பாலியல் தொல்லை, அப்படி ஆண்டுக் கணக்கு பார்க்காமல் தகுதி பறிக்கும் குற்றங்களின் பட்டியலில் இல்லை. தொடுவது, இணங்கும்படி கேட்பது, ஆபாசப் படம் காட்டுவது ஆகியவற்றுக்கு மூன்று ஆண்டு வரை தண்டிக்கலாம். நீதிபதி ஒன்றரை ஆண்டு கொடுத்தால்? அவர் எம்.எல்.ஏ.வாகவே தொடர்வார். ஆபாசமாகப் பேசியதற்கு அதிகபட்சமே ஓராண்டு. அதை மட்டும் வைத்து யாருடைய பதவியும் போகாது. சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து.

அதே வாசகி: கட்சி நீக்கினால்?

எம்.எல்.ஏ.வாகவே இருப்பார். வேறு கட்சியில் சேர்ந்தால் மட்டும் கட்சித் தாவல் சட்டம் வரும். 1996-ல் நம்மூர் ஜி. விஸ்வநாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கேரளத்தில் 2018-ல் ஷொரணூர் எம்.எல்.ஏ. பி.கே. சசி மீது இளைஞர் அமைப்பைச் சேர்ந்த ஒரு பெண் புகார் சொன்னார். கட்சியே விசாரித்து, ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது. அவர் 2021 வரை எம்.எல்.ஏ.வாக இருந்தார்.

அண்ணா நகர் வாசகர்: எம்.எல்.ஏ.வைக் கைது செய்ய சபாநாயகர் அனுமதி வேண்டாமா?

சட்டமன்ற வளாகத்துக்குள் கைது செய்வதென்றால் வேண்டும். வெளியே என்றால் வேண்டாம், தகவல் சொன்னால் போதும். கூட்டத்தொடரை ஒட்டி நாற்பது நாள் கைது செய்யக் கூடாது என்கிறார்களே, அது சிவில் வழக்குகளுக்கு மட்டும். அரசு முன் அனுமதி வேண்டும் என்ற பாதுகாப்பையும் பாலியல் குற்றங்களுக்கு 2013-ல் வந்த குற்றவியல் சட்டத் திருத்தம் எடுத்துவிட்டது. 'அனுமதி வரட்டும்' என்று எந்தக் காவல் நிலையமாவது திருப்பி அனுப்பினால் அதை எழுத்தில் கேளுங்கள்.

வேளச்சேரி வாசகி: அமெரிக்காவில் ஊழியர்கள் புகார் சொன்னதும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் பதவி இழக்கிறார்களே. நம் சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லையா?

அதிகாரம் இருக்கிறது, இதற்காகப் பயன்படுத்தும் வழக்கம்தான் இல்லை. அரிசோனா மாநில அவை உறுப்பினர் டான் ஷூட்டர் மீது சக உறுப்பினர் உட்படப் பல பெண்கள் புகார் சொன்னபோது, அவை வெளியிலிருந்து விசாரணையாளரை வைத்து விசாரித்தது. அறிக்கை வந்ததும் 2018 பிப்ரவரி 1 அன்று 56-க்கு 3 என்ற வாக்கில் அவரை வெளியேற்றியது. வழக்குத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை.

அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் விட்டோ லோபஸ் என்ற உறுப்பினர் மீது அவர் அலுவலகப் பெண்கள் இருவர் சொன்ன புகாரை, ஒரு லட்சம் டாலருக்கு மேல் அரசுப் பணம் கொடுத்து, வெளியே பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு முடித்தார்கள். பிறகு வேறு பெண்களின் புகாரும் வந்தது. 2013-ல்தான் ராஜினாமா செய்தார்; 3,30,000 டாலர் அபராதமும் விழுந்தது. முதல் புகாரை மூடாமல் இருந்திருந்தால், அடுத்து வந்த பெண்களுக்காவது அந்த அலுவலகம் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்கும்.

நம் கோட்டையில் 1986 டிசம்பரில், அரசியல் சட்டப் பக்கத்தை எரித்ததற்காக க. அன்பழகன் உள்பட பத்து தி.மு.க. உறுப்பினர்களைப் பேரவை நீக்கியது. கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005-ல் நாடாளுமன்றம் 11 எம்.பி.க்களை நீக்கியதும் செல்லும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2010-ல் பஞ்சாபின் அமரீந்தர் சிங் வழக்கில், அவையின் செயல்பாட்டைப் பாதிக்காத விஷயத்துக்காக நீக்க முடியாது என்றும் சொன்னது. அலுவலக ஊழியருக்குக் கொடுத்த தொல்லைக்காக நீக்கினால், அந்த எம்.எல்.ஏ. இந்தத் தீர்ப்பைத்தான் கையில் எடுப்பார். எனவே உறுப்பினர்களின் நடத்தை விதிகளிலேயே இதை வெளிப்படையாகச் சேர்த்து, விசாரணையை வெளியாட்களிடம் கொடுக்க வேண்டும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் மகளிர் அமைப்புகள் விடாமல் கேட்க வேண்டியது இதை.

தி. நகர் வாசகர்: அரசியலில் எதிரிகள் தூண்டிவிட்டுப் பொய்ப் புகார் கொடுக்க மாட்டார்களா?

கொடுக்கலாம். அதனால்தான் இரண்டு பக்கமும் கேட்கும் விசாரணை இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் புகார் நகலைக் கொடுத்து, சாட்சிகளைக் கொண்டுவர வாய்ப்பும் தர வேண்டும். அதில் குறை வைத்தால் அறிக்கை மேல்முறையீட்டில் நிற்காது. வேண்டுமென்றே பொய் சொன்னதாக விசாரணையில் தெரிந்தால் நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம். ஆனால் நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய் ஆகாது என்று போஷ் சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது. மூடிய அறையில் நடந்ததற்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது?

பெயர் வேண்டாம் என்ற இன்னொரு வாசகி: 'வெளியே சொன்னால் மானநஷ்ட வழக்கு' என்கிறார். பயமாக இருக்கிறது.

முறையான அமைப்பிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது. எனவே முதலில் குழுவுக்கோ காவல்துறைக்கோ போங்கள், ஊடகம் பிறகு. மத்திய அமைச்சராக இருந்த எம்.ஜே. அக்பர், தன் மீது குற்றம் சாட்டிய பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது 2018-ல் அவதூறு வழக்குப் போட்டார்; அடுத்த சில நாளில் பதவி விலகினார். 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் பிரியாவை விடுவித்தது. பல பத்தாண்டு கழித்தும், தனக்குப் பிடித்த எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. உங்கள் மீது வழக்கே வராது என்று உறுதி கொடுக்க மாட்டேன். வந்தால் எதிர்த்து நிற்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ராயபுரம் வாசகி: எம்.எல்.ஏ. வீட்டில் சமையல் வேலை செய்பவருக்கு?

அதே உள்ளூர்க் குழு. வீட்டு வேலை செய்பவர் என்றால், புகாரில் முகாந்திரம் தெரிந்ததும் ஏழு நாளுக்குள் அதைக் குழுவே காவல்துறைக்கு அனுப்ப வேண்டும். 2025 ஆகஸ்டில் கர்நாடக முன்னாள் எம்.பி. பிரஜ்வல் ரேவண்ணாவுக்குப் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, குடும்பப் பண்ணை வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணின் வழக்கில்.

கிண்டி வாசகி: சமாதானமாகப் போகச் சொல்லிப் பணம் தருகிறார்கள். ராஜினாமா செய்கிறேன், விட்டுவிடு என்கிறார். ஏற்கலாமா?

சமரசம் நீங்களாகக் கேட்டால் மட்டுமே நடக்க வேண்டும். பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ராஜினாமாவால் குற்ற வழக்கு முடியாது. முடிவு உங்களுடையது. கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பல்லாவரம் வாசகி: நடந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

குழுவுக்கான காலம் முடிந்துவிட்டது. காவல்துறைக்கு முடியவில்லை. மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தில் மூன்று ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஆபாசப் பேச்சு மட்டும் என்றால் ஓராண்டுதான், உங்களுக்கு நாலு மாதம் மிச்சம். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குக் கூப்பிடுங்கள். இந்த வாரமே கூப்பிடுங்கள்.