ஊசி போட்டும் நான்கு ஆடு பருவத்துக்கு வரவில்லையே!

கேள்வி: பத்துச் செம்மறிப் பெட்டைகள் வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே வாரத்தில் பருவத்துக்கு வந்தால் குட்டிகளும் ஒன்றாகக் கிடைக்கும் என்று பிராஸ்டாகிளாண்டின் ஊசி போட்டோம். ஆறு வந்தன, நான்கு வரவில்லை. மருந்து கெட்டுப்போயிருக்குமா? இதே சரக்கை ஆட்டின் கருப்பை தானாகவே சுரக்குமாமே, அதற்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

பதில்: மருந்தைத் திட்டாதீர்கள். பத்துக்கு ஆறு என்பது ஒன்றும் மோசமில்லை. ஏன் என்று புரிய உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சினையாகாத செம்மறிக்குச் சுமார் 17 நாளுக்கு ஒருமுறை பருவம். முட்டை வெளியேறிய இடத்தில், சினைப்பையின் மேல் கார்ப்பஸ் லூட்டியம் என்ற முடிச்சு வளரும். 'மஞ்சள் உடல்' என்று அர்த்தம். செம்மறியில் பார்த்தால் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். அது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஓடும்வரை அடுத்த பருவம் கிடையாது. அந்த முடிச்சைக் கரைப்பதுதான் பிராஸ்டாகிளாண்டினின் வேலை.

புரோஜெஸ்டிரோன் கருப்பையில் இரண்டு வேலை பார்க்கிறது. ஈஸ்ட்ரோஜென், ஆக்ஸிடோசின் என்ற வேறு இரண்டு ஹார்மோன்களுக்குமான ஏற்பிகளை, அதாவது அவற்றின் சேதியை வாங்கிக்கொள்ளும் புரதங்களை, உள்வரிச் செல்களில் தலைதூக்க விடாது. கூடவே பிராஸ்டாகிளாண்டின் செய்யத் தேவையான கொழுப்பையும் நொதிகளையும் அதே செல்களில் சேர்த்து வைக்கும். தனக்குத் தானே குழி பறித்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

பத்து நாளுக்கு மேல் ஓயாமல் கேட்ட குரல் காதில் ஏறாமல் போகும் இல்லையா? கருப்பையின் உள்வரியும் அப்படித்தான், புரோஜெஸ்டிரோனுக்கான ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது. பிடி தளர்ந்ததும் ஈஸ்ட்ரோஜென் நுழைகிறது. பருவம் வந்ததிலிருந்து 14-ஆம் நாளை ஒட்டி ஆக்ஸிடோசின் ஏற்பிகள் மளமளவென்று பெருகுகின்றன. இப்போது மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து கொஞ்சம் ஆக்ஸிடோசின் வந்தாலே போதும். செல்லுக்குள் கால்சியம் ஏறும், செல் சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் கழன்று வரும், அது பிராஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபாவாக மாறும். இதே ஆக்ஸிடோசினை 5-ஆம் நாளில் ஊசியாகப் போட்டாலும் கருப்பை கண்டுகொள்ளாது. ஏற்பி இல்லாத வீட்டில் கதவைத் தட்டி என்ன பயன்?

வந்த பிராஸ்டாகிளாண்டின் அந்த முடிச்சைத் தாக்கும். முடிச்சோ தன்னிடம் சேர்த்து வைத்திருந்த ஆக்ஸிடோசினை வெளியே விடும். அது கருப்பையை மறுபடி உசுப்பும். இப்படி அலை அலையாக, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்போல, ஒரு நாளில் ஐந்து அலை வந்தால் முடிச்சின் கதை முடிந்தது.

மாணவனாக இருந்தபோது ஒரு செம்மறிக் கருப்பையை மேஜையில் விரித்து, சினைப்பைக்குப் போகும் தமனியைப் பக்கத்துச் சிரையிலிருந்து பிரிக்க அரை மணி நேரம் போராடினேன். கொடி சுற்றினாற்போல் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். ஆசிரியர் வந்து சிரித்தார்: "பிரிக்காதே, அதுதான் விஷயமே." பிராஸ்டாகிளாண்டின் நுரையீரலை ஒருமுறை கடந்தாலே பெரும்பகுதி அழிந்துவிடும். அதனால் இங்கே சிரையிலிருந்து தமனிக்கு நேராகக் கசிந்து, குறுக்கு வழியில் சினைப்பைக்குப் போய்விடுகிறது.

சினையாக இருந்தால்? நூல்போல நீளும் கரு இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து, ஈஸ்ட்ரோஜென், ஆக்ஸிடோசின் ஏற்பிகள் பெருகாமல் தடுத்துவிடும். வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் குடும்பத்து ஆள்தான், இங்கே வேறு வேலை.

சரி, உங்கள் நான்கு ஆடுகளுக்கு வருவோம். பருவம் முடிந்து முதல் நான்கைந்து நாளில் முடிச்சு பிஞ்சாக இருக்கும், ஊசிக்கு மசியாது. 17 நாளில் ஐந்து நாள் என்றால் பத்துக்கு மூன்று ஆடு அந்தக் கட்டத்தில் மாட்டும். நான்காவது இன்னும் பருவச் சுழற்சியே தொடங்காததாக இருக்கலாம். அதில் முடிச்சே இருக்காது, ஊசி எதைக் கரைக்கும்? அதனால்தான் 9 முதல் 11 நாள் கழித்து இன்னொரு ஊசி போடுவார்கள். அதற்குள் பிஞ்சும் முற்றியிருக்கும், முதல் ஊசிக்கு வந்தவற்றிலும் புது முடிச்சு தயாராகியிருக்கும்.

போடுமுன் எதுவும் சினையில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், கலைந்துவிடும். இந்த மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் சிரிஞ்சைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பிராஸ்டாகிளாண்டின் என்ற பேர் ஏன்?

பதில்: 1935-இல் ஊல்ஃப் ஃபான் ஆய்லர் இதை விந்துத் திரவத்தில் கண்டு, புராஸ்டேட் சுரப்பியின் சரக்கு என்று நினைத்து வைத்த பேர். பெரும்பகுதி வருவது விந்துப்பைச் சுரப்பியிலிருந்து. தப்பு என்று தெரிந்த பிறகும் பேர் அப்படியே நின்றுவிட்டது.