கிளை கழிப்பதற்கு முன்: வாசகர் கேள்விகள்

கே: பெரிய கிளையைத் தண்டோடு வழித்து வெட்டுவதா, ஒரு சாண் விட்டு வெட்டுவதா?

இரண்டும் தப்பு. கிளை தண்டில் சேருமிடத்தில் பட்டை சுருக்கம் விழுந்து, தடித்த கழுத்து ஒன்று இருக்கும். அதைக் காயப்படுத்தாமல், ஒட்டி வெளியே அறுங்கள். வெட்டுவாயை மூடும் திசு அங்கிருந்துதான் வளரும்.

கே: அறுக்கும்போது தண்டுவரை பட்டை உரிந்துவிட்டது.

ஒரே வெட்டில் அறுத்தால் உரியத்தான் செய்யும். தண்டிலிருந்து ஓரடி தள்ளி, அடியிலிருந்து கால்வாசி ஆழம் முதல் வெட்டு. அதற்கு இரண்டு அங்குலம் வெளியே, மேலிருந்து அடுத்தது. கனம் கீழே விழுந்த பிறகு மிச்சக் கட்டையைக் கழுத்துக்கு வெளியே அறுங்கள். உரிந்ததில் தொங்குவதை மட்டும் நறுக்கினால் போதும்.

கே: வெட்டிய இடத்தில் தார் அல்லது பெயின்ட் பூசலாமா?

வேண்டாம். அழுகலை அது தடுப்பதில்லை. சில சமயம் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். பூச்சி பரப்பும் சில நோய்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

கே: மரம் வீட்டைவிட உயரமாகிவிட்டது. காற்றடித்தால் பயமாக இருக்கிறது. பாதியோடு வெட்டிவிட்டால் கவலை இல்லை என்கிறார் மரம் வெட்டுபவர்.

அவருக்குக் கவலை இல்லைதான், விறகும் கிடைக்கும். மரத்தை மொட்டையடிக்காதீர்கள். முன்பும் சொன்னேன், இனியும் சொல்வேன். இலையெல்லாம் போனதும் மரம் சேமிப்பைக் கரைத்து அவசரமாகத் துளிர்க்கும். வெட்டுவாயைச் சுற்றிக் கற்றையாக நீர்ப்போத்துகள் என்னும் இளங்கொம்புகள் கிளம்பி, சில வருடங்களில் பழைய உயரத்தைப் பிடித்துவிடும். பழைய கிளை வருடா வருடம் தண்டோடு பின்னி வளர்ந்தது. போத்து அப்படியல்ல, மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்பது. அதன் அடியிலேயே வெட்டுவாய் அழுகிக்கொண்டிருக்கும். கனம் ஏறியதும் பிய்ந்து விழும். இத்தனை நாள் நிழலில் இருந்த பட்டையும் வெயிலில் வெந்து வெடிக்கும். பயந்து வெட்டி, முன்பைவிட ஆபத்தான மரத்தை வளர்ப்பானேன்?

நீளமான கிளைகளை மட்டும் குறையுங்கள். வெட்டும் இடத்தில், கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக்கிளை இருக்க வேண்டும். முற்றிய மரத்தில் ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்கு பச்சை போனாலே அதிகம். ‘கால்வாசி எடுக்கலாம்’ என்பது இளமரத்துக் கணக்கு. அப்புறம், உள்கிளைகளை வழித்துவிட்டு நுனியில் மட்டும் இலைக்கொத்தை விடுவதும் மொட்டைக்குச் சளைத்ததல்ல. கனமெல்லாம் நுனிக்குப் போய்விடும்.

கே: என் மரம் சரியில்லை. எந்தக் கிளையை வெட்டட்டும்?

என்ன மரம், எத்தனை அடி, இலை கொட்டுகிறதா, பட்டை வெடிக்கிறதா? ஒன்றும் எழுதாமல் என்னிடம் ஜோசியம் கேட்கிறீர்கள்.

கே: அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறது. கிளை கழித்தால் சரியாகுமா?

ஆகாது. தண்டோ வேரோ உள்ளே உளுத்துக்கொண்டிருக்கலாம். விவரம் தெரிந்தவரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள், இந்த வாரமே. பொந்தில் சிமென்ட் அடைக்க வேண்டாம்.

கே: எந்தப் பருவத்தில் கழிப்பது?

பட்ட கிளையை எப்போதும் எடுக்கலாம். பச்சைக் கிளையைப் பொதுவாகத் துளிர்விடும் முன் எடுங்கள். கூடு இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள்.

கே: மின்கம்பியில் உரசும் கிளையை நானே ஏறி வெட்டலாமா?

கூடாது. மின்துறைக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள். ஈரக்கிளை வழியாகவும் மின்சாரம் பாயும்.