மூன்று புரதங்களின் பிடி: இன்ஃபுளுவென்சா பற்றிக் கேள்வி பதில்

இன்ஃபுளுவென்சா வைரஸோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் நம் குழுவில் கேள்விகள் குவிந்துவிட்டன. வைரஸின் மரபணுவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

யீஷூன், தொடக்கக் கல்லூரி மாணவி: அக்கா, பாலிமரேஸ் என்றால் ஒரே புரதம்தானே?

இதில் மூன்று, தங்கச்சி: பிபி1, பிபி2, பிஏ. புரதம் செய்வதற்கான செய்தியை ஏந்திப் போகும் எம்ஆர்என்ஏ நம் செல்லில் நிறைய உண்டு; ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு தொப்பி இருக்கும். பிபி2 அந்தத் தொப்பியைப் பிடிக்கும். பிஏ 10 முதல் 13 எழுத்து தள்ளி வெட்டும். வெட்டிய துண்டை வைத்துக்கொண்டு பிபி1 வைரஸின் எம்ஆர்என்ஏவை எழுதத் தொடங்கும். சுத்தத் திருட்டு!

அதே மாணவி: மூன்றும் எப்படி ஒட்டிக்கொள்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பிபி1 நடுவில் நிற்கும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. பிபி1-இன் தொடக்க முனையில் உள்ள சுமார் பதினைந்து அமினோ அமிலங்கள், பிஏ-வின் பின்பாதியில் இருக்கும் பள்ளத்துக்குள் போய் உட்காரும். மறுமுனை பிபி2-வின் தொடக்கத்தைப் பற்றிக்கொள்ளும். 700 அமினோ அமிலத்துக்கு மேல் நீளமுள்ள புரதங்கள், இவ்வளவு சின்னப் பிடியில் தொடங்குகின்றன. 2008-இல் பிஏ பக்கத்துப் பிடியைப் படிகமாக்கி எடுத்த உருவப் படம் வந்தது. 2014-இல் மூன்றும் சேர்ந்த முழு உருவமே வெளியானது. பிபி1-உம் பிஏ-வும் வெளியிலேயே ஜோடி சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் போகும். பிபி2 தனியாகப் போய் உள்ளே சேரும்.

இதைச் சோதிக்க, மின்மினியின் ஒளிரும் புரதத்துக்கான மரபணுவுக்கு வைரஸ் மரபணுவின் முனைகளை வைத்துச் செல்லுக்குள் விடுவோம். கூடவே இந்த மூன்று புரதங்களையும், வைரஸின் மரபணுவான ஆர்என்ஏவைப் போர்த்தும் என்பி புரதத்தையும் செல்லே செய்யும்படி ஏற்பாடு செய்வோம். மறுநாள் கருவியில் வெளிச்சம் பதிவாகும். பிஏ-வை மட்டும் விட்டுப் பாருங்கள், எண் அப்படியே படுத்துவிடும். மற்ற இரண்டும் அங்கேதான் இருக்கும், ஆனால் வேலை நடக்காது. முதன்முறை அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் படத்தில் படித்தது எனக்கு உறைத்தது.

தாதி ஒருவர், ஜூரோங்: பலோக்சவிர் மருந்து இந்தப் பிடியைத்தான் உடைக்கிறதா?

இல்லை அக்கா. அது பிஏ வெட்டும் இடத்தை அடைத்துவிடும். 2018-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. பிஏ-வில் 38-ஆம் இடத்து அமினோ அமிலம் மாறினால் மருந்துக்கு வைரஸ் அவ்வளவாக அடங்காது. பிடியையே தடுக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வுக்கூட முயற்சிகள்தாம். ஆனால் அந்தப் பள்ளம் வைரஸுக்கு வைரஸ் அதிகம் மாறுவதில்லை என்பதால் அதில் எனக்கு நிறைய நம்பிக்கை.

பிடோக், ஓய்வுபெற்ற அண்ணன்: தடுப்பூசி இதைத் தடுக்குமா?

இல்லை, அது முக்கியமாக வைரஸின் மேற்பரப்புப் புரதங்களை அடையாளம் காட்டுவதற்கு. ஆனாலும் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே. சிங்கப்பூரில் ஆண்டு நடுவிலும் இறுதியிலும் காய்ச்சல் கூடும்.

உட்லண்ட்ஸ், தாய் ஒருவர்: பறவைக் காய்ச்சல் ஏன் சுலபமாக மனிதருக்குள் பெருகுவதில்லை?

ஒரு காரணம் இந்தப் பாலிமரேஸ்தான். அதற்கு நம் செல்லின் ஏஎன்பி32ஏ என்ற புரதத்தின் துணை வேண்டும். பறவைகளில் அந்தப் புரதத்தில் 33 அமினோ அமிலங்கள் கூடுதல், நமக்கு அந்தப் பகுதி இல்லை. பிபி2-வின் 627-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் லைசினாக மாறினால் பறவை வைரஸ் நம் புரதத்தோடும் சமாளித்துவிடும். அதனால்தான் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸின் மாதிரிகளில் அந்த இடத்தை முதலில் பார்க்கிறோம்.

அதே தாய்: வேறு வேறு வைரஸின் புரதங்கள் ஒன்றாகச் சேருமா?

சேரும். 2009-இல் உலகம் முழுக்கப் பரவிய எச்1என்1 என்ற பன்றிக் காய்ச்சல் வைரஸில் பிபி2-உம் பிஏ-வும் பறவை வழி வந்தவை, பிபி1 மனித வைரஸ் வழி வந்தது. எல்லாக் கலவையும் இப்படி நன்றாக ஓடாது; சில ஜோடிகள் ஒட்டினாலும் மந்தமாகவே எழுதும்.