மேக்கப் கலையாமல் நிற்கிறது, ஆனால் முகம் இழுக்கிறதே?

கேள்வி: மதுரையில் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். ‘லாங் வேர்’ வகை ஃபவுண்டேஷனும் லிப்ஸ்டிக்கும் விடியற்காலை முகூர்த்தத்தில் தொடங்கி மதியம் வரை கலையாமல் நிற்கின்றன. ஆனால் சில பெண்கள் ஒரு மணி நேரத்திலேயே “முகம் இழுக்குதுக்கா” என்கிறார்கள். சிலருக்கு உதட்டில் லிப்ஸ்டிக் செதில் செதிலாக உரிகிறது. இதில் பிளாஸ்டிக் இருக்கிறது, தோல் மூச்சுவிட முடியாது என்று ஒரு மணப்பெண்ணின் அம்மா பயந்துவிட்டார். இது உண்மையா? என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பெண்கள் சொல்வதை நம்புங்கள். முகம் இழுப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. அதைச் சரிசெய்வதும் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

சின்ன வயதில் ஃபெவிகாலை உள்ளங்கையில் தடவிக் காயவைத்து உரித்திருப்பீர்கள். தடவும்போது ஈரமாக இருக்கும். தண்ணீர் ஆவியானதும் அதிலிருக்கும் பாலிமர் (நீளச் சங்கிலி போன்ற மூலக்கூறு) துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து மெல்லிய படலமாகிவிடும். காயும்போது படலம் சுருங்குவதால் கை லேசாக இழுக்கும். நீடித்து நிற்கும் மேக்கப்பிலும் இதேதான் நடக்கிறது, பொருட்கள்தான் வேறு. நிறத்தைத் தரும் இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு துகள்களைத் தோலோடு பிடித்துவைப்பது இந்தப் படலம்தான். அது இல்லையென்றால் வியர்வையும் எண்ணெயும் சுரந்த உடனே நிறம் நகர்ந்துவிடும்.

லேபிளைப் பார்த்தால் எந்த வகைப் படலம் என்று ஓரளவு தெரிந்துவிடும். ‘ட்ரைமெத்தில்சிலாக்ஸிசிலிகேட்’ என்றிருந்தால் அது சிலிகோன் பிசின். தண்ணீருக்கு அசையாது, கையில் ஒட்டாது. அதோடு ‘ஐசோடோடெகேன்’ என்று ஒன்றும் இருக்கும். அது பிசினைக் கரைத்து வைத்திருக்கும் திரவம், பூசிய சில நிமிடங்களில் ஆவியாகிவிடும். இந்தப் பிசின் தனியாக இருந்தால் விறைப்பானது, எளிதில் விரிசல் விடும். அதனால் நல்ல தயாரிப்புகளில் மென்மையான சிலிகோன்களையும் (டைமெதிகோன், டைமெதிகோன் கிராஸ்பாலிமர் போன்றவை) சேர்ப்பார்கள். படலம் தோலோடு சேர்ந்து வளைய இவை உதவுகின்றன. நீடித்து நிற்பதற்கு ஒரு பொருள், உறுத்தாமல் இருப்பதற்கு இன்னொரு பொருள் என்று இரண்டும் சரியான அளவில் இருந்தால்தான் முகம் நிம்மதியாக இருக்கும்.

மேக்கப் கலையாமலிருக்கக் கடைசியில் அடிக்கும் செட்டிங் ஸ்ப்ரேக்களில் ‘பிவிபி’ என்ற பாலிமர் அதிகம் வரும். இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பிசுபிசுப்பதற்கு இது ஒரு காரணம். அதே மூலக்கூறோடு நீண்ட கொழுப்புச் சங்கிலியை இணைத்தால் ‘விபி/ஹெக்ஸாடெசீன் கோபாலிமர்’ போன்றவை கிடைக்கும். இவை தண்ணீரை விலக்கும். புழுக்கத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு இவையே மேல்.

சரி, முகம் ஏன் இழுக்கிறது? முதல் காரணம் கனம். ப்ரைமர், ஃபவுண்டேஷன், கன்சீலர், மறுபடி ஃபவுண்டேஷன், மேலே ஸ்ப்ரே என்று அடுக்கும்போது ஒவ்வொன்றும் தனிப் படலம் கட்டுகிறது. கனம் கூடக்கூட இழுப்பும் கூடும், சிரிக்கும்போது வாயோரத்தில் கோடும் விழும். இரண்டாவது, அடியிலிருக்கும் தோலே வறண்டிருப்பது. வறண்ட மேல்தோல் வளைந்து கொடுக்காது, அதன் மேல் படலமும் சுருங்கினால் இழுப்பு இரட்டிப்பாகத் தெரியும். மூன்றாவதாக அவசரம். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று ஒரு பூச்சு காய்வதற்குள் அடுத்ததைப் போட்டுத் தேய்த்தால், பாதி உருவான படலம் உருண்டு உருண்டு வரும். பிறகு அதை மறைக்க இன்னும் பூச வேண்டியிருக்கும்.

ஆகவே, மாய்ஸ்சரைசரை முதல் வேலையாகத் தடவிவிட்டு, தலை அலங்காரத்தைத் தொடங்குங்கள். பதினைந்து, இருபது நிமிடத்தில் அது தோலில் ஊறிவிடும். எண்ணெய்ப் பசை மேலே மிதந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், ஏனென்றால் எண்ணெய் மீது படலம் பிடிக்காது. பிறகு ஃபவுண்டேஷனை முடிந்தவரை மெல்லிசாக, தேவையான இடத்தில் மட்டும் பூசிக் காயவிடுங்கள். பவுடர் நெற்றி, மூக்குப் பக்கம் போதும். கன்னத்திலும் கண்ணடியிலும் கொட்டினால் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சில பார்லர்களில் செட்டிங் ஸ்ப்ரேக்குப் பதிலாக ஹேர் ஸ்ப்ரேயை முகத்தில் அடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது முடியை விறைப்பாக நிறுத்தச் செய்தது. ஆல்கஹாலும் வாசனைப் பொருளும் அதிகம். தோல் எரியும், கண்ணுக்கும் மூச்சுக்குழாய்க்கும் ஆகாது. ஆஸ்துமா உள்ள பெண்ணுக்கு மண்டபத்திலேயே மூச்சுத்திணறல் வரலாம்.

உதட்டுக்குத் தனிச் சிக்கல் உண்டு. அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது என்றே சொல்லலாம். பேச்சு, சிரிப்பு, சாப்பாடு என்று நாள் முழுக்க அசைவு. வெடித்த உதட்டில் மேட் லிப்ஸ்டிக் போட்டால் செதிலோடு சேர்ந்து உரியத்தான் செய்யும். ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் வாசலின் தடவச் சொல்லுங்கள். இன்னொன்று, சிலிகோன் படலம் தண்ணீருக்குத் தாங்கும், எண்ணெய்க்குத் தாங்காது. விருந்தில் நெய்ச் சோறும் வடையும் சாப்பிட்ட பின் உதட்டின் உள்ளோரம் கலைந்தால் அது மட்டமான லிப்ஸ்டிக் என்று அர்த்தமில்லை. மிச்சத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பழைய படலத்தின் மேலேயே பூசினால் இன்னும் உரியும்.

இனி அந்த அம்மாவின் பயம். வேதியியல் கணக்கில் இவற்றில் பெரும்பாலானவை செயற்கைப் பாலிமர்கள்தான், பிளாஸ்டிக்குக்கு உறவு என்பதை மறுக்க முடியாது. ஆனால் இவை மிகப் பெரிய மூலக்கூறுகள், நலமான தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை. தோல் நுரையீரல் போல மூச்சுவிடுவதும் இல்லை. அதன் மிக மேலான அடுக்கு மட்டும் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கிறது, மற்றதெல்லாம் ரத்தத்தின் வழியாக வருகிறது. தோலிலிருந்து நீராவி வெளியேற வேண்டும் என்பது உண்மை. மெல்லிய சிலிகோன் படலம் அதை அனுமதிக்கிறது. அவர் தைரியமாக இருக்கலாம்.

எனக்குக் கவலை தருவது மேக்கப்பைக் கலைக்கும் விதம்தான். ரிசப்ஷன் முடிந்து அசதியில் அப்படியே தூங்குவது, அல்லது சோப்பைப் போட்டு பரபரவென்று தேய்ப்பது, இரண்டும் தோலைப் புண்ணாக்கும். தண்ணீரை விலக்கும் படலத்துக்கு எண்ணெய் சார்ந்த கிளென்சர் வேண்டும். பஞ்சில் நனைத்துக் கண்ணிமை மேல் அரை நிமிடம் வைத்திருந்து மெதுவாக வழித்தெடுக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். வெந்நீரில் குழாய் குழாயாகக் கழன்று வரும் மஸ்காராவும் கிடைக்கிறது, இமை முடிக்கு அது சுகம். பிறகு மென்மையான ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர். பருவுள்ள பெண்கள் தேங்காய் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது.

மேக்கப்பைக் கலைத்ததும் இழுப்பு நின்றுவிட்டால் அது படலத்தின் வேலை. மறுநாளும் அரிப்பு, சிவப்பு, இமை வீக்கம், உதட்டில் நீர்க்கசிவு இருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். வழக்கமாக வாசனைப் பொருளோ, கெடாமலிருக்கச் சேர்க்கும் பதப்படுத்திப் பொருளோதான் காரணம். அபூர்வமாக, மேலே சொன்ன விபி வகைப் பாலிமரே ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. பயன்படுத்திய எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். முதுகில் இரண்டு நாள் ஒட்டிவைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டில் பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும்.

முன்பு ஒத்துக்கொள்ளாமல் போன பெண் என்றால், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே நீங்கள் போடப்போகும் ஃபவுண்டேஷனையும் லிப்ஸ்டிக்கையும் முழங்கையின் உட்பக்கம் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முந்தின நாள் ட்ரையல் பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வாமை வெளியே தெரியவே இரண்டு மூன்று நாள் ஆகலாம்.